ஞாயிற்றுக்கிழமை ஓடும் மீட்டர்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி அளவில், சேலத்தில் கஞ்சமலைப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய நூற்பாலைக்குப் போயிருந்தேன். நூல் விலை படுத்துக் கிடப்பதால் அந்த ஆலையில் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் கிடையாது. சனிக்கிழமை இரவு ஷிப்டோடு நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை காலையில்தான் மறுபடி எடுக்கிறார்கள். அந்த நாளையே கேட்டு வாங்கிக்கொண்டு நான் போனதற்கும் அதுதான் காரணம். மின்சாரச் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று யார் அழைத்தாலும், ஆலை ஓடாத நாளில்தான் முதலில் வருவேன் என்று சொல்லிவிடுகிறேன். ஓடும் நாளில் மீட்டர் காட்டுவதில் எவ்வளவு நூலானது, எவ்வளவு வீணானது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒரு கிலோ நூல்கூட வராத நாளில் மீட்டர் காட்டுவதைப் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை.

பேனலில் 27 கிலோவாட் ஓடிக்கொண்டிருந்தது. உரிமையாளருக்கு என் மகன் வயது இருக்கும். எண்ணைப் பார்த்துவிட்டு, "எல்லாமே ஆஃப்லதானுங்க சார் இருக்குது?" என்றார். ஒரு நாளுக்கு 648 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், 52 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இரண்டே கால் லட்சத்துக்கு மேல் என்று அங்கிருந்த பழைய டாஃபிங் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முப்பத்தொரு ஆண்டுகள் ஆலைகளின் எலக்ட்ரிக்கல் பகுதியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். போகும் இடங்களில் பெரும்பாலும் பேச்சு சோலாரில்தான் தொடங்கும். கூரை முழுக்கத் தகடு பதித்துவிட்டால் கவலை விட்டது என்பது பலருடைய நினைப்பு. சோலார் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் ஓட்டைப் பானைக்குப் பெரிய குழாய் வைப்பதற்கு முன்னால் பானையைக் கவிழ்த்து ஒரு முறை பார்த்துவிடலாமே என்றுதான் சொல்கிறேன்.

ஓடும் ஆலைக்குள், நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்களின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. நின்றிருக்கும் ஆலைக்குள் நுழைந்தால், முதலில் ஒன்றும் கேட்காததுபோல் இருந்து, கொஞ்ச நேரத்தில் காது பழகியதும் நாலா பக்கமும் இட்லிக் குண்டானில் ஆவி வெளியேறுவதுபோன்ற ஒரு சீறல் கேட்கத் தொடங்கும். அது காற்றழுத்தக் குழாய்களில் உள்ள கசிவுகளின் சத்தம். அந்த ஆலையில், காற்றை அழுத்திக் குழாய்களுக்கு அனுப்பும் 37 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரஸர் ஒன்று ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. பராமரிப்புப் பணியாளர்கள் இரண்டு பேர் இயந்திரங்களில் பஞ்சு ஊதிச் சுத்தம் செய்வதற்காக எப்போதோ ஓடவிட்டது அப்படியே வழக்கமாகிவிட்டது. காவலாளிக்கு அதைத் தொடவே கூடாது என்று உத்தரவு.

சுத்தம் செய்பவர்களை அரை மணி நேரம் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, கைக்கடிகாரத்தோடு கம்ப்ரஸர் அருகில் நின்றேன். காற்றை யாரும் பயன்படுத்தாதபோது கம்ப்ரஸர் ஒரு முறை நிரப்பிவிட்டு அமைதியாகிவிட வேண்டும். அங்கே 100 விநாடி லோடில், அதாவது காற்றை அழுத்தியபடி ஓடியது, 150 விநாடி அன்லோடில், அதாவது வெறுமனே சுற்றியபடி ஓடியது, மறுபடியும் லோடுக்கு வந்தது. பத்து முறை பார்த்தும் ஏறக்குறைய அதே கணக்குதான். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் 40 சதவீதம். அதாவது அந்தக் கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் நூற்றுக்கு நாற்பது பங்கு, எந்த வேலையும் செய்யாமல் கூடத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது. அன்லோடில் இருக்கும்போதும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் முழுச் சுமையில் இழுப்பதில் கால் பங்குக்கு மேல் இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த 27 கிலோவாட்டில் ஏறக்குறைய 21 கிலோவாட் கம்ப்ரஸருடையது என்று கணக்கு வந்தது.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸரை நிறுத்திவிட்டால் போதுமே என்று உரிமையாளர் கேட்டார். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்த ஓட்டைகள் மற்ற ஆறு நாட்களும் அடைத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை நமக்குக் காதில் விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கசிவு தேடுவதற்குச் சோப்பு நுரையும் பெயின்ட் பிரஷும் போதும். அல்ட்ராசானிக் கருவிகளும் இருக்கின்றன. வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கலாம். நூற்பாலையில் அதைவிட மலிவான கருவி ஒன்று கைவசமே இருக்கிறது. கழிவாகக் கிடந்த சிவப்புச் சாய நூலை முழ நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு, குழாய் ஓரமாக ஒரு நுனியைத் தொங்கவிட்டபடியே நடந்தேன். கசிவுள்ள இடத்தில் நூல் துடிக்கும். துடித்த இடத்தில் அதே நூலை ஒரு முடிச்சாகக் கட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவேன். மதியச் சாப்பாட்டுக்குள் 61 முடிச்சுகள் விழுந்தன. பெரிய குழாய்களில் இருந்தவை நான்கோ ஐந்தோதான். மற்றவை எல்லாம், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரத்துக்குக் காற்று போகும் கடைசி பத்தடியில், பிளாஸ்டிக் ட்யூப் செருகும் இணைப்புகளிலும், ஃபில்டர் ரெகுலேட்டரின் அடிக் கிண்ணங்களிலும், ஷிப்ட் முடிந்து போகும்போது உடம்பில் ஒட்டிய பஞ்சை ஊதிக்கொள்ளப் பயன்படுத்திவிட்டு அரைகுறையாக மூடிவைத்த ஏர் பைப்புகளிலும் இருந்தன. ஒரு ஏர் பைப்பின் வாய்க்குள் யாரோ சைக்கிள் டயர்த் துண்டை அடைத்துத் துணி சுற்றியிருந்தார்கள். அந்த மனிதருக்குக் கசிவு தெரிந்திருக்கிறது, அது பிழை என்றும் தெரிந்திருக்கிறது. அதை யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஏழு பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால், அந்தக் காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் 3 முதல் 4 கிலோவாட் வரை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். மூன்று என்றே வைத்தாலும் ஒரு நாளுக்கு 72 யூனிட், 350 நாட்களுக்கு ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். கம்ப்ரஸருக்குள் போகும் மின்சாரத்தில் கருவியின் முனையில் வேலையாகக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கையொட்டித்தான். மற்றதெல்லாம் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆலையில் இருப்பவற்றிலேயே விலை உயர்ந்த பொருள் காற்றுதான் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் காற்றில்தான் தரையைப் பெருக்குகிறார்கள்.

அழுத்தத்தையும் பார்த்தோம். 7.2 பாரில் வைத்திருந்தார்கள். ஆட்டோகோனருக்கு 6 பார் போதும். கடைசி இயந்திரத்தில் அழுத்தம் குறைகிறது என்று யாரோ புகார் சொன்னபோதெல்லாம், குழாயை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரின் செட்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸரின் மின்செலவில் 6 அல்லது 7 சதவீதம் குறையும். அழுத்தம் குறைந்தால் கசிவும் குறையும் என்பது அதன் மேல் கிடைக்கும் கொசுறு.

கம்ப்ரஸர் அறை மேற்குச் சுவரை ஒட்டித் தகரக் கூரையில் இருந்தது. சேலத்துச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம்போல் ஊர். உள்ளே போகும் காற்று 4 டிகிரி சூடானால் மின்செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். தன் வெப்பக் காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்த அந்தக் கம்ப்ரஸருக்கு, வேப்பமரத்துப் பக்கமாக ஒரு டக்ட் போட்டு வெளிக்காற்றைக் கொண்டுவரச் சொன்னேன். "ஏற்காட்டுல வச்சா ஏசி மாதிரி இருக்குமுங்களா சார்?" என்று எலக்ட்ரீஷியன் பையன் கேட்டான். குளிர் இருக்கும், ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தமே ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே கம்ப்ரஸர் அங்கே அந்த அளவுக்குக் குறைந்த காற்றைத்தான் தரும் என்றேன். ஏற்காட்டில் காப்பி பயிரிடுவதே நல்லது.

மறுநாள் மின்கட்டணப் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உயர் மின்னழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் பலரும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் கட்டணம் மாற்றப்பட்டபோது, யூனிட் விலை 6 ரூபாய் 35 காசிலிருந்து 6 ரூபாய் 75 காசுதான் ஆனது. ஆனால் ஆலை ஒரே நேரத்தில் இழுக்கும் உச்சச் சுமைக்கு விதிக்கும் டிமாண்ட் கட்டணம், அந்தச் சுமையை அளக்கும் கேவிஏ ஒன்றுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக ஏறியது. அதன் பிறகும் இரண்டும் ஏறியிருக்கின்றன. வலி எங்கே என்று அன்றைக்குப் பலருக்கும் பிடிபடவில்லை. இந்த டிமாண்ட் கட்டணம், பதிவான உச்ச அளவுக்கோ ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்கோ, எது அதிகமோ அதற்கு விதிக்கப்படுகிறது. இந்த ஆலையின் ஒப்பந்தம் 400 கேவிஏ. பதிவான உச்சம் 310. ஆகவே ஓட்டாத 50 கேவிஏவுக்கும் சேர்த்து 360க்கு மாதாமாதம் கட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தை 340 ஆகக் குறைத்தால், 550 என்ற பழைய விலையிலேயே மாதம் 27,500 ரூபாய் மிச்சம். இதற்கு ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க வேண்டாம். விண்ணப்பம் எழுதினால் போதும். மின்சாரத்தை மட்டும் மிச்சம் பிடித்துவிட்டு ஒப்பந்த அளவைத் தொடாமல் விடுகிறவர்களுக்குச் சேமிப்பில் ஒரு பகுதி கைக்கே வராது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த 310 என்ற உச்சமும் எப்போது ஏறியது என்று பார்த்தால், எல்லா மாதமும் ஒரு திங்கட்கிழமை காலையில்தான். ஒரு நாள் நின்றிருந்த ஆலையை ஒரே மூச்சில் எடுப்பார்கள். கூடத்தின் ஈரப்பதத்தைக் காக்கும் எச் பிளான்ட் மின்விசிறிகள், பஞ்சைச் சீவும் கார்டிங், ரிங் பிரேம் எல்லாம் அடுத்தடுத்துப் பொத்தான் அழுத்தப்பட்டு, அந்தக் கால் மணி நேரச் சுமை மாதம் முழுவதற்குமான அளவாகப் பதிந்துவிடும். பத்து பத்து நிமிட இடைவெளியில் எடுக்கும்படி ஒரு தாளில் வரிசை எழுதி சுவிட்ச் அருகில் ஒட்டினோம். ஷிப்ட் மேஸ்திரிக்கு இதில் மனவருத்தம்தான். இருபது நிமிட நூல் போகிறது என்பது அவர் கணக்கு. அதிலும் நியாயம் இருக்கிறது.

மோட்டார்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் ஊரில் மோட்டார் எரிந்தால் புதிது வாங்குவதில்லை, காயில் கட்டிக்கொண்டு வருவோம். பழைய கம்பியை உருவுவதற்காகப் பட்டறையில் ஸ்டேட்டரை நெருப்பில் போட்டுச் சூடாக்குவார்கள். சூடு அளவு மீறினால் இரும்புத் தகடுகளுக்கு இடையில் உள்ள காப்புப் பூச்சு எரிந்துபோய், அந்த மோட்டார் சுமையே இல்லாமல் சுற்றும்போதும் முன்பைவிட அதிகமாக மின்சாரம் குடிக்கும். ஆகவே ஒவ்வொரு மோட்டாரின் வயிற்றிலும், வெற்றோட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று வெள்ளைப் பெயின்டில் எழுதி வைப்பது என் பழக்கம்; காயில் கட்டித் திரும்பி வந்ததும் அந்த எண்ணோடு ஒப்பிட்டால் பட்டறைக்காரர் என்ன செய்தார் என்று தெரிந்துவிடும். ஒரே மோட்டாரை மூன்றாவது முறை கட்டப் போகிறவர்களிடம், 15 கிலோவாட் மோட்டாரில் ஐஇ1 என்ற திறன் தர வகையில் 88.7 சதவீதம், அதைவிட உயர்ந்த ஐஇ3 வகையில் 92.1 சதவீதம், இரவு பகலாக முழுச் சுமையில் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 யூனிட் வித்தியாசம் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். விளக்குகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரும் எல்இடிக்கு மாறிவிட்டார்கள்.

மின்விசிறியிலும் பம்பிலும்தான் இயற்கை நமக்குப் பெரிய சலுகை தந்திருக்கிறது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி பாதியாகிவிடும், ஏனென்றால் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறி இறங்குகிறது. இந்தக் கணக்கின் மேல் இருந்த ஆசையால் நான் பணியில் இருந்த ஆலை ஒன்றில் செய்த தவற்றையும் எழுதிவிடுகிறேன். எச் பிளான்ட் சப்ளை விசிறிக்கு, மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவி பொருத்தியிருந்தோம். இரவில் வெளியே குளிர்ச்சிதானே, இவ்வளவு காற்று எதற்கு என்று நானாகவே இரவு ஷிப்டுக்கு 38 ஹெர்ட்ஸ் என்று வைத்துவிட்டேன். மீட்டர் உடனே இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஷிப்ட் மாறும்போது, ரிங் பிரேமில் அறுந்த நூலைச் சேர்க்கும் சைடர் பெண் ஒருவர் என்னை வழிமறித்து, "என்னமோ பண்ணி வச்சிட்டீங்கண்ணா நீங்க. ரெண்டு நாளா ராத்திரியில கையெல்லாம் சுர்ருங்குது, நூலு நிக்கவே மாட்டேங்குது" என்றார். ஸ்பின்னிங் கூடத்தில் ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே போனால் பஞ்சில் மின்னேற்றம் கூடி இழை பறக்கும், நூல் அறும். வெளியே குளிராக இருந்தாலும் ரிங் பிரேம் மோட்டார்கள் விடும் சூட்டை வெளியே கொண்டுபோவதும், ஈரக் காற்றைக் கூடம் முழுவதும் சேர்ப்பதும் அந்த விசிறியின் வேலை என்பதை நான் விட்டுவிட்டேன். மிச்சம் பிடித்த யூனிட்டுகளின் மதிப்பைவிட அறுந்த நூலின் மதிப்பு அதிகம். பிறகு கூடத்தின் நடுவில் ஈரப்பத உணரி வைத்து, அது சொல்கிறபடி வேகம் மாறும்படியும், 42 ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்த நேரத்திலும் இறங்காதபடியும் செய்தோம். அன்றிலிருந்து மொத்த யூனிட்டைத் தனியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்றுதான் பார்க்கிறேன்.

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் கதை வேறு. மரவள்ளிக் கிழங்கைக் கழுவவும், அரைத்த மாவைச் சல்லடையில் அலசவும் தண்ணீர் நிறைய வேண்டும். அங்கே பார்த்த ஒரு ஆலையில், பம்பின் வெளிவாய் வால்வு பாதி மூடிய நிலையில் இருந்தது. அதன் கைப்பிடியையே கழற்றிவிட்டு, யாரும் திருப்பிவிடாதபடி கட்டுக்கம்பி சுற்றியிருந்தார்கள். எத்தனை ஆண்டுகளாக இப்படி என்று கேட்டபோது, பம்பு வாங்கிய நாளிலிருந்து என்றார்கள். தேவைக்கு மேல் பெரிய பம்பை வாங்கி, அது தள்ளும் தண்ணீரை வால்வால் தடுத்து நிறுத்தும் வேலைக்கு ஆண்டு முழுவதும் மின்சாரம் கட்டுகிறார்கள். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி லேத்தில் கொடுத்து விட்டத்தைக் குறைத்தாலே போதும். அதே ஆலையில் மாவுத் தண்ணீர்க் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள், ஜவ்வரிசியைச் சிமெண்ட் களத்தில் வெயிலில்தான் காயவைக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தவர்கள் அந்தக் கட்டுக்கம்பியை மட்டும் எப்படிப் பார்க்காமல் விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

இடையில் விற்பனைக்காரர்கள் வேறு வருகிறார்கள். சுவரில் மாட்டினால் 30 சதவீதம் மிச்சம் என்று ஒரு பெட்டியைத் தறிக்கூடம் வைத்திருக்கும் என் உறவினருக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார் ஒருவர். பிரித்துப் பார்த்தோம். உள்ளே சின்னக் கெப்பாசிட்டர் ஒன்றும் பச்சை விளக்கு ஒன்றும் இருந்தன. கெப்பாசிட்டரால் பவர் ஃபேக்டர் உயரும், அபராதம் தவிரும், கேவிஏ இறங்கும். அதை மோட்டாரின் அளவுக்குக் கணக்கிட்டு முறையாகப் போட வேண்டும். மோட்டார் தன் வேலைக்கு இழுக்கும் யூனிட்டை அது குறைக்காது. உறவினர் அந்தப் பெட்டியைக் கழற்றவில்லை. பச்சை விளக்கு எரிகிறதே, இருக்கட்டும் என்கிறார்.

2008 முதல் 2013 வரை இங்கே மின்வெட்டு நடந்த காலத்தில் எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். டீசல் ஜெனரேட்டரில் ஓட்டும்போது ஒவ்வொரு யூனிட்டும் லிட்டராகக் கண்ணுக்குத் தெரிந்ததால், ஆளில்லாத விசிறியை யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள். மின்சாரம் திரும்ப வந்ததும் அது மறந்துபோயிற்று. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சிக்கனச் சட்டத்தின்கீழ் பெரிய ஆலைகளுக்கு எரிசக்திச் சிக்கன இலக்கு நிர்ணயிக்கிறார்கள். 2012இல் தொடங்கிய முதல் சுற்றில் நாடு முழுவதும் 478 ஆலைகள் இருந்தன. கஞ்சமலை அடிவாரத்து நூற்பாலையிடம் கணக்குக் கேட்பார் யாரும் இல்லை. அவர்களாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த ஆலைக்குப் போனேன். சுத்தம் செய்ய மட்டும் ஒரு சின்னக் கம்ப்ரஸர் வைத்து, பெரியதை நிறுத்தியிருந்தார்கள். சனிக்கிழமை இரவு மீட்டர் எண்ணையும் ஞாயிறு மாலை மீட்டர் எண்ணையும் காவலாளி ஒரு நோட்டில் எழுதுகிறார். உரிமையாளரின் அம்மா, வாரா வாரம் அந்த நோட்டை வீட்டுக்கு வரவழைத்துப் பார்க்கிறாராம். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்க, இவன் அளக்காமயே போட்டுக்கிட்டு இருந்திருக்கான்" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். சிவப்பு முடிச்சுகளில் 58 அவிழ்ந்துவிட்டன. மிச்சம் மூன்றும் கூரையை ஒட்டிய பெரிய குழாயில் இருக்கின்றன. சாரம் கட்டி ஏற வேண்டும், பொங்கல் விடுமுறையில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பேனலில் 5 கிலோவாட் காட்டியது. ட்ரான்ஸ்ஃபார்மரின் சொந்தச் செலவு ஒன்று, அலுவலகத்துத் தண்ணீர்க் கூலரும் கேமராக்களும் சேர்ந்து ஒன்று, சின்னக் கம்ப்ரஸர் ஒன்றரை. மீதி ஒன்றரை எங்கே போகிறது என்று சாயங்காலம் வரை தேடியும் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் போகும் ஃபீடரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.